பொறி தாண்டும் தூரம்

டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் முழு பூஸ்டில் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று சொன்னால், கைதேர்ந்த மெக்கானிக்கிடமிருந்து முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பிளக்கைக் கழற்றி கேப்பைக் குறைத்துப் பார். 1.1 மில்லிமீட்டரில் இருப்பதை 0.8-க்குக் கொண்டுவருவது பெரிய வேலையில்லை. எஞ்சின் ஆறியதும் காயில்களை உருவி, நீளமான பிளக் ஸ்பேனரை ஆழத்தில் இறக்கித் திருகி எடுக்க வேண்டும். பக்க மின்முனையை மெல்ல உள்ளே தட்டி, ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைகிறதா என்று விரலால் உணர்ந்து பார்த்தால் முடிந்தது. செலவு கிடையாது. பிறகு வண்டியைச் சாலையில் ஏற்றி மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால், நேற்று 4000 சுற்றுக்கு மேல் தட்டித் தடுமாறிய எஞ்சின் இன்று ஒரே மூச்சில் ஏறிப்போகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. போன மாதம் வரை 1.1 மில்லிமீட்டரை ஒழுங்காகத் தாண்டிக்கொண்டிருந்த பொறிக்கு இப்போது என்ன ஆயிற்று? அது தாண்ட முடியாமல் நின்ற காரணம் வண்டியை விட்டுப் போய்விட்டதா, அல்லது உள்ளேயே இருக்கிறதா?

பொறி என்பது காற்று தோற்றுப்போகும் ஒரு கணம். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே இருக்கும் வாயு மின்சாரத்தை விடாது. வோல்டேஜ் ஏற ஏற, அங்கே உதிரியாகத் திரியும் எலெக்ட்ரான்கள் வேகமெடுக்கின்றன. வழியில் ஒரு மூலக்கூறின் மேல் மோதும்போது அதிலிருந்து இன்னொரு எலெக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்கு வேகம் சேர்ந்திருந்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், கண நேரத்தில் பாதை திறந்துவிடும். வேகம் சேர்வதற்கு ஓட இடம் வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் ஓட நினைத்தால் இரண்டு எட்டு வைப்பதற்குள் யார் மேலாவது மோதி நின்றுவிடுவான். டர்போ அடைத்துத் தரும் காற்றில் எலெக்ட்ரானின் நிலை அதுதான். 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். பொறி தாண்டத் தேவைப்படும் வோல்டேஜ், அழுத்தத்தையும் தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. சிலிண்டருக்குள் அந்தப் பெருக்கல் கூடினால் வோல்டேஜும் கூட வேண்டும். அழுத்தம் என்பதைவிட அடர்த்தி என்பதே இங்கே கறாரான சொல். சூடேறிய வாயு அதே அழுத்தத்தில் தளர்ந்து இருக்கும். இருந்தாலும் பட்டறைக் கணக்குக்கு இது போதும். 1 பார் பூஸ்ட் என்றால் டர்போ இல்லாத எஞ்சினைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குக் காற்று உள்ளே இருக்கிறது. அதே கேப்பைத் தாண்ட ஏறத்தாழ இரண்டு மடங்கு வோல்டேஜ் வேண்டும். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பூஸ்டில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதனால் பிஸ்டன் உச்சிக்கு இன்னும் நெருங்கி வந்து, வாயு இன்னும் இறுகிய பிறகுதான் பொறி அடிக்க வேண்டியிருக்கிறது. மிகக் கடினமான நேரம் எதுவோ அந்த நேரத்தில்தான் பிளக்கிடம் வேலை கேட்கப்படுகிறது.

இவ்வளவும் கேப்பைக் குறைக்கச் சொல்பவரின் கட்சியைத்தான் பலப்படுத்துகின்றன. அழுத்தம் இரட்டிப்பானால் தூரத்தைக் குறை. பெருக்கல் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதில் பிழை இல்லை. ஆனால் 1989 ஆகஸ்ட்டில் நிஸான் வெளியிட்ட ஸ்கைலைன் ஜிடி-ஆர், ரசிகர்கள் ஆர்32 என்று சொல்லும் வண்டி, இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. வரிசையாக ஆறு சிலிண்டர், 2568 சிசி, இரண்டு டர்போ. ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சவரம்பின்படி 280 குதிரைசக்தி என்று தாளில் போட்டார்கள். பந்தய வடிவில் அதே எஞ்சின் 500-ஐத் தாண்டியது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் நடந்த 29 பந்தயங்களையும் இந்த வண்டிதான் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991-இலும் 1992-இலும் வென்றது. இத்தனை பெயரெடுத்த ஆர்பி26 எஞ்சின் ஷோரூம் வண்டியில் வந்தபோது அதில் இருந்த பிளக் என்ஜிகே கம்பெனியின் பிஎஃப்ஆர்6ஏ-11. கடைசியில் இருக்கும் 11-க்கு 1.1 மில்லிமீட்டர் இடைவெளி என்று பொருள். நான்கு ஆண்டு கழித்து, 1993-இல் டொயோட்டா சூப்ராவில் வந்த 2ஜேஸட் இரட்டை டர்போ எஞ்சினுக்கும் அதே 1.1தான். டர்போ என்றால் கேப் சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்ற பட்டறை வழக்குக்கு எதிராக இரண்டு பெரிய சாட்சிகள் இவை. பிற்காலத்தில் வந்த ஃபோர்டு ஈகோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகன் டர்போ எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.7, 0.8 என்றுதான் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆர்பி26-இன் கம்ப்ரஷன் விகிதம் 8.5 மட்டுமே. இன்றைய நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் 10-ஐ ஒட்டிய விகிதத்தில் காற்றை இறுக்கி, அதன் மேல் பூஸ்டையும் ஏற்றிக்கொள்கின்றன. ஆக, டர்போ இருக்கிறதா என்று கேட்பதைவிட, பொறி அடிக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் எவ்வளவு இறுக்கம், காயில் எவ்வளவு தரும் என்று கேட்பதே பொருத்தம்.

அப்படியும் நிஸான் 0.8-ஐக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று யோசித்தால் பூஸ்டை விட்டுவிட்டு ஐட்லிங்குக்குப் போக வேண்டியிருக்கிறது. சிக்னலில் நிற்கும் எஞ்சினுக்குள் வரும் காற்று, வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். போன சுற்றில் எரிந்த புகையும் கணிசமாக அதில் கலந்திருக்கும். அந்த மெலிந்த, அழுக்கான கலவையில் பொறி விழுந்ததும் பிறப்பது ஒரு சிறு தீக்கரு. அது இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே பிறக்கிறது. இரண்டு முனைகளும் அதன் சூட்டை உறிஞ்சுகின்றன. முனைகள் நெருங்கி இருந்தால் உறிஞ்சல் அதிகம். பொறி அடித்தும் தீ பிடிக்காமல் அணைந்துபோகும் சுற்றுகள் வரும். எரிபொருள் கலந்த காற்றில் தீ நுழைந்து தாக்குப்பிடிக்கக்கூடிய மிகக் குறுகிய இடைவெளி, சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அழுத்தம் கூடக்கூட அது சுருங்கிக்கொண்டே போகும். இங்கே இயற்கை ஒரு சலுகை தருவது கவனிக்கத்தக்கது. முழு பூஸ்டில் அகன்ற கேப்பைத் தாண்டுவது கடினம், ஆனால் அங்கே குறுகிய கேப்பே தீமூட்டப் போதும். ஐட்லிங்கில் குறுகிய கேப் போதாது, ஆனால் அங்கே அகன்ற கேப்பைத் தாண்டச் சிறிய வோல்டேஜே போதும். ஒவ்வொரு நிலைக்கும் தக்கபடி இடைவெளி தானே மாறிக்கொண்டால் பிரச்சினையே இல்லை. பிளக்கோ அசையாத உலோகம். 6000 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு 50 முறை பொறி அடிக்கிறது. ஐட்லிங்கின் ஏழெட்டு முறைக்கும் அந்த ஐம்பது முறைக்கும் ஒரே எண்தான். 0.8 என்று தட்டி வைத்தவர் பூஸ்டின் பக்கம் சாய்ந்துவிட்டார். சாலையில் ஓடும் காரோ தன் வாழ்நாளின் மிகச் சிறிய பகுதியைத்தான் முழு பூஸ்டில் கழிக்கிறது.

ஆர்பி26-க்குத் திரும்பினால், கேப்பைக் குறைக்கும் பழக்கம் எங்கிருந்து வேர் பிடித்தது என்று ஓரளவு புரியும். அந்த எஞ்சினில் ஆறு பிளக்குகளுக்கும் ஆறு தனித்தனிக் காயில்கள். இரண்டு கேம்ஷாஃப்ட் மூடிகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில், ஒரு தகட்டு மூடிக்குக் கீழே, எஞ்சின் சூட்டிலேயே அவை கிடக்கின்றன. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட வண்டிகளில் அவற்றின் மேலுறை வறண்டு மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. காயில் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை எப்போதும் பொழிந்துகொண்டிருக்கும் சாதனம் அல்ல. வோல்டேஜ் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். எந்த இடம் முதலில் தோற்கிறதோ அந்த வழியாகப் பாய்ந்துவிடும். புதுக் காயிலில் முதலில் தோற்பது பிளக்கின் கேப். வெடிப்பு விட்ட காயிலில், பூஸ்டு ஏறி கேப் கெட்டிப்பட்டதும், முதலில் தோற்பது அந்த வெடிப்பு. மின்சாரம் சிலிண்டர் ஹெட்டின் அலுமினியத்தில் இறங்கிவிடுகிறது; சிலிண்டருக்குள் பொறி இல்லை. இப்போது கேப்பை 0.8 ஆக்கினால் மீண்டும் கேப் முந்திக்கொள்கிறது, மிஸ்ஸிங் நிற்கிறது. வெடிப்பு அங்கேயேதான் இருக்கிறது. அது வளரும். அடுத்த ஆண்டு 0.7, அதற்கடுத்து 0.6. ஒவ்வொரு முறையும் எஞ்சின் அமைதியாகிறது, ஒவ்வொரு முறையும் ஐட்லிங் கொஞ்சம் கரடாகிறது, எதனால் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மிஸ்ஸிங்கில் எரியாமல் போன பெட்ரோலும் காற்றும் சூடான எக்ஸாஸ்டுக்குள் சென்று கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பற்றி, அதன் தேன்கூட்டுப் பீங்கானை உருக்கிவிடக்கூடும். ஆகவே மிஸ்ஸிங்கை நிறுத்த வேண்டியது அவசரம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கேப்பைத் தட்டி நிறுத்துவது அந்த அவசரத்துக்கு உதவும். அதோடு வேலை முடிந்தது என்று பானெட்டை மூடுவதில்தான் உறுத்தல்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. சின்ன கேப் குறைந்த வோல்டேஜில் உடைவதால் காயிலின் மேல் சுமை நிஜமாகவே குறைகிறது. பழைய காயில் அதனால் சில ஆண்டு கூட வாழலாம். பூஸ்டை 0.8 பாரிலிருந்து 1.3 பாருக்கு ஏற்றியவர் கேப்பைக் குறைத்தால் அவர் எதையும் மறைக்கவில்லை. அடர்த்தி கூடியிருக்கிறது, தூரத்தைக் குறைக்கிறார், பாஷனின் கணக்கு சரியாக இருக்கிறது. எதையுமே மாற்றாத வண்டியில் அதே வேலையைச் செய்யும்போதுதான் அதற்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. கையின் அசைவு ஒன்றுதான், தட்டும் ஓசையும் ஒன்றுதான்.

இடைவெளி ஒரு பக்கம் என்றால் வெப்ப எண் இன்னொரு பக்கம். இதில் அவசரப்படுபவர்கள் இன்னும் அதிகம். பிளக்கின் நடுவிலிருக்கும் பீங்கான் மூக்கு சிலிண்டருக்குள் நீண்டிருக்கிறது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு உலோக உடலுக்கு வந்து சேர நீண்ட வழி. நுனி சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி தானே எரிந்து போகாமல் பீங்கானில் படிந்து, மின்சாரம் அந்தக் கரி வழியாகக் கசியும். 870 டிகிரி வாக்கில் ஏறிவிட்டால் நுனியே கங்காகி, பொறி அடிப்பதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுவது அப்படித்தான். டர்போ எஞ்சினில் பூஸ்டைக் கூட்டும்போது நுனி சூடாகும், அதனால் குளிர்ந்த பிளக் வேண்டும். எஞ்சினின் சக்தி 75 முதல் 100 குதிரைசக்தி கூடினால் ஒரு படி குளிர்ந்த பிளக் என்பது என்ஜிகே சொல்லும் பொது வழிகாட்டி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நுனிச் சூட்டில் 70 முதல் 100 டிகிரி வரை வேறுபாடு. எண்களைப் படிப்பதில் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். என்ஜிகேயிலும் டென்ஸோவிலும் எண் ஏறினால் குளிர்ந்த பிளக்; என்ஜிகே 6-க்கு டென்ஸோ 20, 7-க்கு 22. பாஷிலும் சாம்பியனிலும் தலைகீழ், எண் இறங்கினால்தான் குளிர்ந்த பிளக். இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் கடையில் எண்ணைக் கூட்டிக் கேட்டு வாங்கியவர், பூஸ்டைக் கூட்டிய எஞ்சினில் முன்னிலும் சூடான பிளக்கை இறக்கிவிட முடியும். அங்கே விளைவு எஞ்சினின் மரணம்.

அதனால் எப்போதும் ஒரு படி குளிர்ச்சியாகவே போட்டுவிடலாம் என்று தோன்றும். பாதுகாப்பான தவறு என்று பலர் அதைச் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. பந்தயத் தளத்தில் என்ஜிகேயின் எட்டாம் எண் பிளக் அழகாக வேலை செய்யும். ஊருக்குள் ஊர்ந்து போகும் காரில் அதன் நுனி 450 டிகிரியை எட்டுவதே அபூர்வம். கரி படியும், காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், பிறகு மிஸ்ஸிங். அந்த மிஸ்ஸிங்குக்கும் யாராவது கேப்பைக் குறைக்கச் சொல்வார்கள். முதல் மாற்றத்தில் விளைந்த குறையை இரண்டாவது மாற்றம் மூடுகிறது. எது நோய், எது மருந்தால் வந்தது என்று பிரித்தறிய முடியாத நிலை. இன்னொரு சிறு விஷயம், ஆனால் சிறிதல்ல: நுனியின் சூடு பெரும்பகுதி மரை வழியாகவும் வாஷர் அமரும் இடம் வழியாகவும்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. 14 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்க வேண்டும். தளர்வாக விட்ட பிளக் தன் எண்ணைவிடச் சூடான பிளக்காகவே நடந்துகொள்ளும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் இறுக்குபவர் வெப்ப எண்ணையும் சேர்த்துத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

உலோகத்தைப் பற்றிய சண்டை ஓயாதது. நிக்கல் முனை 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். இரிடியம் அவ்வளவு கடினமாக இருப்பதால் நடு மின்முனையை 0.6 மில்லிமீட்டருக்கும், டென்ஸோவின் சில வகைகளில் 0.4-க்கும் மெலிதாக்க முடிகிறது. வழக்கமான நிக்கல் முனை 2.5 மில்லிமீட்டர் தடிமன். மெலிந்த நுனியில் மின்புலம் குவிவதால் பொறி குறைந்த வோல்டேஜிலேயே புறப்படுகிறது, தீக்கருவின் சூட்டை உறிஞ்சும் உலோகமும் குறைவு. அதாவது கேப்பைக் குறைக்காமலே, கேப்பைக் குறைப்பதால் வரும் பலனில் ஒரு பகுதியை மெலிந்த நுனி தந்துவிடுகிறது. பந்தயக்காரர்களில் பலர் இன்னும் நிக்கல் பிளக்கையே விரும்புகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு: விலை மலிவு, அடிக்கடி மாற்றலாம், பக்க மின்முனையைப் பயமின்றி வளைக்கலாம். இரிடியம் நுனி தாங்காதது அழுத்திப் பிடுங்கும் விசையை. நாணயம் போன்ற வட்ட அளவியை கேப்புக்குள் செருகி, நடு முனையை ஊன்றுகோலாக வைத்து நெம்பினால் அந்த நுனியோ அதைச் சுற்றியுள்ள பீங்கானோ உடையும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, மிஸ்ஸிங்காகத்தான் தெரியவரும். நெம்ப வேண்டியதும் தட்ட வேண்டியதும் பக்க மின்முனையை மட்டுமே, அளக்க வேண்டியது கம்பி அளவியால்.

அதைவிட முக்கியமாக, தயாரிப்பாளர் வைத்த இடைவெளியிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று என்ஜிகேயே சொல்கிறது. அதற்கு மேல் வளைத்தால் இரண்டு முனைகளின் முகங்களும் இணையாக இருக்காது. பொறி ஓரத்திலிருந்து மட்டும் கிளம்பி ஓரத்தையே தின்னும். 1.1-இல் வந்த பிளக்கை 0.7-க்குத் தட்டுவது அந்த எல்லையை இருமடங்கு மீறுவது. 0.7 வேண்டுமென்றால் அதை ஒட்டிய அளவில் செய்யப்பட்ட பிளக்கைத் தேடி வாங்க வேண்டும். இந்த எளிய விதி பட்டறைகளில் ஏன் இவ்வளவு அரிதாகக் கேட்கிறது என்பது வியப்பு.

ஸ்வீடனில் ஸாப் கம்பெனி இதே இடைவெளியை முற்றிலும் வேறு கண்ணால் பார்த்தது. சாலைக் கார்களில் டர்போவை அன்றாடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி அவர்கள். ஸாப் 99 டர்போ 1978-இல் விற்பனைக்கு வந்தது. பின்னாளில், பிளக்குகளின் தலைக்கு மேலேயே காயில்களை ஒரே பெட்டியாக அமர்த்தி, 400 வோல்ட்டை மின்தேக்கியில் சேர்த்து வைத்து, அதை ஒரே வீச்சில் 40,000 வோல்ட் வரை உயர்த்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்த வலு இருந்ததால் டர்போ எஞ்சினிலும் 1 மில்லிமீட்டருக்குக் குறையாத கேப்பை வைக்க முடிந்தது. அதோடு நிற்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் வந்த ட்ரையானிக் என்ற கட்டுப்பாட்டு முறையில், பொறி அடித்து முடிந்த பிறகு அதே கேப்பின் குறுக்கே 80 வோல்ட் அளவு சிறு மின்னழுத்தத்தை வைத்தார்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயு அயனிகளால் நிறைந்திருக்கும். அதன் வழியே சிறு மின்னோட்டம் கசியும். அந்தக் கசிவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, தீப்பிடித்ததா இல்லையா, நாக்கிங் தொடங்குகிறதா என்று கணினி அறிந்துகொண்டது. நாக்கிங்கைக் கேட்கத் தனி சென்ஸார் வேண்டியிருக்கவில்லை. பிளக் தீயை மூட்டிவிட்டு, உடனே அந்தத் தீயைப் பற்றிச் செய்தியும் சொன்னது. பூஸ்டை எவ்வளவு விடலாம் என்ற முடிவு அந்தச் செய்தியைக் கேட்டே எடுக்கப்பட்டது. இந்த எஞ்சினில் கண்ட பிளக்கைக் கண்ட கேப்பில் போட்டால் கெடுவது பொறி மட்டுமல்ல, எஞ்சினின் செவியும்தான். ஸாப் கார் தயாரிப்பு நின்றுபோய்விட்டது. ஆனால் அங்கே வேலை செய்த பொறியாளர்கள் அந்த ஒரு மில்லிமீட்டருக்குக் கொடுத்த மதிப்பை எண்ணிப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது.

எல்லா எஞ்சினிலும் அந்த மின்னணுச் செவி இல்லை. ஆனால் கழற்றிய பிளக் எந்தக் காரிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லும், கேட்க ஆள் இருந்தால். பீங்கானின் மேல் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் பிஸ்டனைச் சுரண்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது கேப்பைப் பற்றிப் பேசுவதே வீண், பூஸ்டையும் டைமிங்கையும் குறைக்க வேண்டும். பக்க மின்முனையில் நிறம் மாறும் கோடு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதிலிருந்து சூடு எவ்வளவு ஏறியது என்று ஊகிப்பார்கள். கோடு வளைவுக்கு அருகே இறங்கியிருந்தால் ஒரு விதம், நுனியோடு நின்றிருந்தால் வேறு விதம். ஈயமில்லாத பெட்ரோலும் துல்லியமான இன்ஜெக்‌ஷனும் வந்த பிறகு இந்த நிறங்கள் மங்கிவிட்டன. பழைய நாளில் காப்பிக்கொட்டை நிறத்தைத் தேடிய கண்ணுக்கு இன்றைய பிளக் வெறும் வெள்ளையாகத் தெரியும். அதை வைத்து மட்டும் கலவை மெலிந்துவிட்டது என்று முடிவுகட்டுவது ஆபத்து. முழு பூஸ்டில் ஓடும்போதே எஞ்சினை நிறுத்தி, கிளட்சை மிதித்து உருட்டி ஓரம் கட்டி, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் அந்தப் பூஸ்டின் சாட்சி கிடைக்கும். வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வந்து கழற்றினால் கிடைப்பது வீடு வந்த வழியின் சாட்சி. இதைச் செய்து பார்க்க மூடிய தளமும் பொறுமையும் வேண்டும், பொதுச் சாலையில் செய்யக்கூடாது.

இது இனி பந்தயக்காரர்களின் கவலை மட்டுமல்ல. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் செய்யப்பட்ட ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-இலேயே 999 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினோடு விற்பனைக்கு வந்தது. 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூவிலும் ஒரு லிட்டர் டர்போ இருந்தது. பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, புறவழிச்சாலை கிடைத்ததும் முழுதாக மிதிக்கும் குடும்பக் கார்கள் இவை. பிளக்கின் இரண்டு எல்லைகளையும் ஒரே மணி நேரத்தில் தொட்டுவிடுகின்றன. இவற்றின் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்கள் இப்போது பட்டறைகளுக்கு வரும் காலம். ஆறு காயில் இருந்த வண்டியில் நடந்ததுதான் மூன்று காயில் இருக்கும் வண்டியிலும் நடக்கப்போகிறது.

பிளக் தேயும் என்பதை இந்தப் பேச்சில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதும் ஒரு குறை. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து அணுவளவு உலோகத்தைக் கொண்டுபோகிறது. 1.1-இல் போட்ட நிக்கல் பிளக் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் 1.3 ஆகியிருக்கலாம். அதன் கூரான விளிம்புகள் மழுங்கியிருக்கும், அதனாலும் வோல்டேஜ் கூடுதலாகத் தேவைப்படும். அந்த வண்டி மிஸ்ஸிங் அடித்தால் குற்றவாளி காயிலும் அல்ல, பூஸ்டும் அல்ல; புதுப் பிளக் போட்டாலே போதும். தட்டுவதற்கு முன் அளந்திருந்தால் அது தெரிந்திருக்கும். அளக்காமல் தட்டிவிட்டால் அந்த 1.3 என்ற செய்தி நிரந்தரமாக அழிந்துவிடுகிறது. பிறகு எந்த மெக்கானிக்காலும் அதை மீட்க முடியாது.

ஆகவே டர்போ கார் வைத்திருப்பவர்களிடமும் அதைப் பிரித்து மாட்டுபவர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். பிளக்கைக் கழற்றியதும் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக அடுக்குங்கள். துடைக்காமல், தட்டாமல், முதலில் கம்பி அளவியால் ஒவ்வொன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். புதுப் பிளக்கையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் அளந்த பிறகே போடுங்கள். கம்பெனி கொடுத்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். பூஸ்டை மாற்றாத வண்டி அந்த எண்ணில் மிஸ்ஸிங் அடித்தால், காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஸிங்கும் அதன் பின்னால் போகிறதா என்று பாருங்கள். போனால், பழுது காயிலில்தான்.